சுங்கை சிப்புட்டிலிருந்து டொரொண்டோ வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது சென்னையிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் புறப்படும் பெரியவர்களும், அவர்களின் வருகையை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தாரும் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? இணையத்தில் இரு விமான நிலையங்களின் பெயர்களைத் தட்டினால் நொடியில் விடை வந்துவிடுகிறது. கோலாலம்பூர், டொரொண்டோ என்று கேட்டால் தூரம் சுமார் 14,850 கிலோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் 17 மணி என்று வரும். தூரம் சரியானதுதான். நேரமோ, எந்த நிறுவனமும் இயக்காத ஒரு நேரடி விமானத்தின் நேரம். சுங்கை சிப்புட்டில் வீட்டைப் பூட்டிய நொடியிலிருந்து டொரொண்டோவில் பிள்ளையின் வீட்டுக் கதவு திறக்கும் நொடிவரை கணக்கிட்டால் ஏறத்தாழ 38 மணி நேரம் ஆகிறது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள். தேவைப்படுபவை ஒரு கைப்பேசி, அதிலுள்ள அறிவியல் கணிப்பான், ஒரு தாள். படிவம் ஐந்துவரை கணிதம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் எளிது.

அமைவிட எண்களை எடுத்தல்

ஒவ்வொரு விமான நிலையத்திற்கும் ஓர் அட்சரேகை எண்ணும் ஒரு தீர்க்கரேகை எண்ணும் உண்டு. கைப்பேசி வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டும் தசம எண்களாகத் தோன்றும். நாம் பயன்படுத்தப்போகும் நான்கு நிலையங்களின் எண்கள் இவை: சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கேஎல்ஐஏ, வடக்கு 2.7456, கிழக்கு 101.7099, சென்னை, வடக்கு 12.9944, கிழக்கு 80.1805, இலண்டன் ஹீத்ரோ, வடக்கு 51.4706, மேற்கு 0.4619, டொரொண்டோ பியர்சன், வடக்கு 43.6772, மேற்கு 79.6306. தெற்கு அட்சரேகையையும் மேற்குத் தீர்க்கரேகையையும் கழித்தல் குறியுடன் எழுத வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. சில பட்டியல்கள் தசமத்தில் தராமல் பாகை, நிமிடம், விநாடி என்று தருகின்றன. கேஎல்ஐஏயின் அட்சரேகை 2 பாகை 44 நிமிடம் 44 விநாடி என்றிருந்தால் அதை 2.44 என்று எழுதிவிடக் கூடாது. நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3,600ஆலும் வகுத்துப் பாகையுடன் கூட்டினால்தான் 2.7456 கிடைக்கும். அடுத்தது, நகரத்தின் எண்ணை எடுக்காமல் விமான நிலையத்தின் எண்ணையே எடுக்க வேண்டும். இலண்டன் என்ற ஒரே பெயரின் கீழ் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எனப் பல நிலையங்கள் இருக்கின்றன. ஆகாயத் தூரத்தில் அவற்றிற்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்றாலும், இறங்கியபின் உறவினர் வீட்டுக்குச் செல்லும் தரைவழி நேரம் பெரிதும் மாறிவிடும். பயணச்சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து எந்த நிலையம் என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சென்னைக்குப் போதுமான எளிய கணக்கு

நிலநடுக்கோட்டை ஒட்டிய, அதிகத் தொலைவில்லாத இரண்டு இடங்களுக்குப் பூமியின் வளைவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கரேகையும் நிலநடுக்கோட்டில் அதே அளவுதான். ஆனால் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல அது சுருங்கும். ஆகையால் தீர்க்கரேகை வேறுபாட்டை இரு இடங்களின் சராசரி அட்சரேகையின் கோசைனால் (கணிப்பானில் cos) பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கேஎல்ஐஏக்கும் சென்னைக்கும் அட்சரேகை வேறுபாடு 10.249 பாகை, 111.2ஆல் பெருக்கினால் 1,140 கிலோமீட்டர். தீர்க்கரேகை வேறுபாடு 21.529 பாகை, 111.2ஆலும், சராசரி அட்சரேகையான 7.87 பாகையின் கோசைனான 0.9906ஆலும் பெருக்கினால் 2,371 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் கர்ணம் 2,631 கிலோமீட்டர் வரும். கோள வடிவத்தைக் கருத்தில் கொண்ட சரியான விடை 2,628 கிலோமீட்டர். மூன்றே கிலோமீட்டர் வேறுபாடு. ஓடுபாதையின் நீளத்தை விட அது அதிகமில்லை.

திருச்சிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் வியப்படைகிறார்கள். தமிழ்நாட்டின் உட்பகுதியில், தெற்கே இருப்பதால் திருச்சிதான் நமக்கு நெருக்கம் என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் கேஎல்ஐஏயிலிருந்து திருச்சி ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர், அதாவது சென்னையை விட 60 கிலோமீட்டர் அதிகம். பறக்கும் நேரத்தில் இது நான்கைந்து நிமிடமே. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ சொந்த ஊர் உள்ளவர்களுக்கு, சென்னையில் இறங்கித் தரைவழியாகச் செல்லும் நேரத்துடன் ஒப்பிடும்போது, அந்த 60 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

இலண்டனுக்கு அக்கணக்கு பொய்க்கும் இடம்

இதே எளிய முறையை ஹீத்ரோவுக்குப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 11,470 கிலோமீட்டர் என்று வரும். சரியான விடை 10,600. பிழை 870 கிலோமீட்டர்; ஒரு மணி நேரப் பறப்புக்குச் சமம். டொரொண்டோவுக்குப் பயன்படுத்தினால் 18,800 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். உண்மைத் தூரத்தை விட ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் அதிகம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அடிக்கோலை வைத்து அளப்பவருக்கு நேர்வதும் இதே பிழைதான். தட்டையான படம் வடக்கே செல்லச் செல்ல நாடுகளை அகலமாக இழுத்துக் காட்டுவதால், படத்தில் நேராகத் தெரியும் கோடு கோளத்தில் சுற்றுவழியாகிவிடுகிறது.

கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தின் வழியே வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் மேல்தான் அமையும். அதைப் பெருவட்டம் என்கிறோம். பள்ளியிலிருந்து ஓர் உலக உருண்டையைக் கடன் வாங்கி, கோலாலம்பூரில் ஒரு நூலின் முனையைப் பிடித்து, மறுமுனையை இலண்டன்வரை இறுக்கிப் பிடித்தால், அந்த நூல் வங்கக் கடலையும் இந்தியாவின் வடபகுதியையும் நடு ஆசியாவையும் கடந்து ஐரோப்பாவுக்குள் நுழைவதைக் காணலாம். கணக்காகச் செய்ய வேண்டுமானால் வாய்பாடு இது:

தூரக் கோணத்தின் கோசைன் = சைன்(முதல் அட்சம்) × சைன்(இரண்டாம் அட்சம்) + கோசைன்(முதல் அட்சம்) × கோசைன்(இரண்டாம் அட்சம்) × கோசைன்(தீர்க்கரேகை வேறுபாடு)

ஹீத்ரோவுக்கு இதைப் போடுவோம். முதலில் கணிப்பான் பாகை முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியன் முறையில் இருந்தால் விடை முழுவதும் குலைந்துவிடும். 2.7456 பாகையின் சைன் 0.0479, 51.4706 பாகையின் சைன் 0.7823, பெருக்கினால் 0.0375. கோசைன்கள் முறையே 0.9989, 0.6229, பெருக்கினால் 0.6222. தீர்க்கரேகை வேறுபாடு 101.7099இலிருந்து கழித்தல் 0.4619ஐக் கழித்தால் கிடைக்கும் 102.1718 பாகை, அதன் கோசைன் கழித்தல் 0.2108. ஆக, இரண்டாம் உறுப்பு கழித்தல் 0.1312. இரண்டு உறுப்புகளையும் கூட்டினால் கழித்தல் 0.0937. இதற்குத் தலைகீழ் கோசைன் (கணிப்பானில் cos⁻¹) எடுத்தால் 95.38 பாகை. அதை 111.2ஆல் பெருக்கினால் 10,600 கிலோமீட்டரை ஒட்டிய விடை கிடைக்கும். கடல் மைலில் வேண்டுமென்றால் பாகையை 60ஆல் பெருக்கினால் போதும்: ஏறத்தாழ 5,720 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். விமானிகள் இன்றும் அந்த அளவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பூமி சரியான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் இவ்விடையில் அரை விழுக்காட்டிற்கும் குறைவான பிழை இருக்கும். பயணிக்கு அது தேவையற்ற நுணுக்கம்.

பழைய பாடத்திட்டத்தில், படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதியவர்களுக்கு இதெல்லாம் மறந்துபோயிருக்காது. பூமியைக் கோளமாகக் கொள்ளும் பாடம் படிவம் ஐந்தின் கணிதத்தில் இருந்தது. வட துருவத்தின் வழியாகப் பறக்கும் விமானத்தின் மிகக் குறுகிய தூரத்தைக் கேட்கும் வினாவும் அதில் தவறாமல் வரும். அதெல்லாம் தேர்வுக்காகக் கற்பனை செய்த விமானம் என்று அன்று நினைத்திருப்போம். டொரொண்டோவின் கணக்கு கிட்டத்தட்ட அதே வினாதான். கோலாலம்பூரின் தீர்க்கரேகைக்கு நேர் எதிரே, பூமியின் மறுபுறத்தில் இருப்பது மேற்கு 78.3, டொரொண்டோ இருப்பது மேற்கு 79.6. ஆகவே இரு நகரங்களையும் இணைக்கும் பெருவட்டம் வட துருவத்தை உரசிக்கொண்டு செல்கிறது. கணிப்பானே தேவையில்லை: கேஎல்ஐஏயிலிருந்து துருவம்வரை 90இல் 2.75 போக 87.25 பாகை, துருவத்திலிருந்து டொரொண்டோவரை 90இல் 43.68 போக 46.32 பாகை, கூட்டினால் 133.57 பாகை. 111.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14,850 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து கனடாவுக்கு மிகக் குறுகிய வழி மேற்கும் அல்ல, கிழக்கும் அல்ல, நேர் வடக்கு.

தூரத்திலிருந்து பறக்கும் நேரத்திற்கு

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. தரையில் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் நேரமும் உண்டு. எனவே தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவது நல்ல தொடக்க மதிப்பீடு. உலகின் மிக நீண்ட நேரடிச் சேவையான சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தின் தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். இம்முறைப்படி பதினெட்டரை மணி நேரம் வருகிறது, அட்டவணையிலும் பதினெட்டரைக்குச் சற்று மேல்தான். கோலாலம்பூரை அடுத்த சுபாங்கிலிருந்து உள்நாட்டுத் தடங்களில் பறக்கும் ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கு மட்டும் இந்த 850ஐப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும்.

ஹீத்ரோவுக்கு இம்முறை 13 மணி நேரத்தைத் தருகிறது. ஆனால் அட்டவணையைப் பார்த்தால் போகும்போது 14 மணியை ஒட்டியும், திரும்பும்போது 13 மணியை ஒட்டியும் இருக்கும். ஒரே தூரத்திற்கு இரு வேறு நேரம் ஏன் என்பதுதான் பலரையும் குழப்புவது. நடுத்தர அட்சரேகைகளில், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது வலுப்பெறும். கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும்; மேற்கே போகும் விமானத்தை எதிர்த்து நிற்கும். 2020 பிப்ரவரியில், ஒரு புயலின்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்று இலண்டனை 4 மணி 56 நிமிடங்களில் அடைந்தது. தரையை ஒப்பிட்ட அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. வழக்கமாக அத்தடத்திற்கு ஆறு மணி நேரத்திற்கு மேல் ஆகும். கோலாலம்பூரும் சென்னையும் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அங்கே இந்தக் காற்றின் வலிமை குறைவு. போகவும் வரவும் நேரம் பெரும்பாலும் நான்கு மணியை ஒட்டியே அமையும்.

காற்றைத் தவிர இன்னொரு காரணம் வான்வெளி. பெருவட்டக் கோட்டின் மேல் பறக்க வேண்டுமானால் அதன் கீழுள்ள நாடுகள் எல்லாம் வழிவிட வேண்டும். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரைனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்ததை மலேசியர் எவரும் மறக்கவில்லை. போர்ப்பகுதிகளை விமானங்கள் சுற்றிச் செல்வதை வீண் தாமதம் என்று குறைகூறுபவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ரஷ்யாவின் வான்வெளியும் பல மேற்கத்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. அதனால் ஹெல்சிங்கி – தோக்கியோ விமானம் ஒன்பதரை மணி அளவிலிருந்து ஏறத்தாழ பதின்மூன்று மணியாக நீண்டது. இரு நகரங்களும் நகரவில்லை; இணையத்தின் தூரக் கணிப்பான் இன்றும் பழைய தூரத்தையே காட்டும்.

ஆகையால் என் பரிந்துரை இது: மதிப்பீட்டை உங்கள் கணக்கால் பெறுங்கள், பிறகு ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமானத்தின் எண்ணைத் தட்டி, அண்மைய நாள்களில் அது உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். மிகக் குறைந்த நேரத்தைப் பார்த்து மகிழாமல், மிக அதிகமான நேரத்தை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை ஒழுங்குபடுத்துதல்

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டையும் நேராகக் கழிப்பதே மிகப் பரவலான பிழை. அதைத் தவிர்க்க எல்லா நேரங்களையும் உலகப் பொது நேரத்திற்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள். மலேசியாவின் நேரத்திலிருந்து 8 மணியைக் கழிக்க வேண்டும். இந்தியாவின் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். பிரிட்டனுக்குக் குளிர்காலத்தில் எதுவும் கழிக்க வேண்டாம், கோடையில் ஒரு மணி கழிக்க வேண்டும். டொரொண்டோவின் நேரத்துடன் குளிர்காலத்தில் 5, கோடையில் 4 மணியைக் கூட்ட வேண்டும். பிரிட்டனின் கோடை நேரம் மார்ச்சு மாதத்தின் கடைசி ஞாயிறன்று தொடங்கி அக்டோபரின் கடைசி ஞாயிறன்று முடியும். டொரொண்டோவில் அது மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை. இடைப்பட்ட வாரங்களில் பயணம் செய்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

நம் கடிகாரமும் மாறியதுதான். 1982 புத்தாண்டிலிருந்து தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்குடன் ஒரே நேரத்திற்கு வந்தது. அதற்கு முன் இந்தியாவுடன் வேறுபாடு சரியாக இரண்டு மணி, இன்று இரண்டரை. சில பெரியவர்கள் இன்றும் இரண்டு மணி என்றே சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எடுத்துக்காட்டாக, கேஎல்ஐஏயிலிருந்து 10ஆம் தேதி இரவு 11.30க்குப் புறப்பட்டு, குளிர்காலத்தில் ஹீத்ரோவை 11ஆம் தேதி காலை 5.40க்கு அடைவதாகக் கொள்வோம். கடிகாரத்தைப் பார்த்தால் ஆறு மணி பத்து நிமிடம்தான். உலகப் பொது நேரத்தில் 10ஆம் தேதி பிற்பகல் 3.30க்குப் புறப்பாடு, 11ஆம் தேதி காலை 5.40க்குச் சேர்க்கை, ஆக 14 மணி 10 நிமிடம். கிழக்கு வழியாகப் போனால் குழப்பம் இன்னும் சுவையானது. அதே குளிர்காலத்தில் தோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 12 மணி நேரம் பறந்து டொரொண்டோவில் இறங்கினால், அங்கே அதே நாள் பிற்பகல் 3 மணி. புறப்பட்ட நேரத்திற்கு முன்பே சேர்ந்துவிட்டதாகக் கடிகாரம் சொல்லும்; நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்ததே காரணம்.

வாசலிலிருந்து வாசல் வரை

பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் இந்தக் கணக்கை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பிளேன் எத்தன மணி நேரம் பறக்குதுங்கறது எனக்கெதுக்கு? பேரன் வீட்டுல நான் எப்ப கால் வைப்பேன், அதச் சொல்லு" என்றார். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கேஎல்ஐஏ ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பழைய சாலையில் ஈப்போவரை வந்து வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் சாதாரண நாளில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி விடுமுறைகளில் தாப்பாவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே வண்டிகள் நகராமல் நிற்கும் நாள்களில் ஆறு மணி நேரத்தை ஒதுக்குங்கள். ரயில்தான் நம்பகமானது என்பது என் கருத்து: இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம், அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் முதலாம் முனையத்திற்கு 28 நிமிடம். ஆனால் சுங்கை சிப்புட்டில் எல்லா இடிஎஸ் ரயில்களும் நிற்பதில்லை. கிடைக்கும் ரயிலுக்கும் விமானத்திற்கும் இடையிலான காத்திருப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டிகள் நிறைய இருந்தால் வண்டியே வசதி.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் முகப்பை மூடிவிடுகின்றன. வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால், இரண்டு தடங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கின்றனவா என்பதே முதன்மையான கேள்வி. ஒரே சீட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. தனித்தனியாக மலிவு விலையில் வாங்கியிருந்தால் அப்பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து மீண்டும் கொடுக்கவும் வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட மாற்றத்திற்கு ஐந்து மணி நேரத்திற்குக் குறைவாக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இப்போது பாட்டியின் கேள்விக்கு விடை எழுதலாம். இலண்டன் வழியாகப் போனால் ஆகாயத் தூரம் 10,600உம் 5,700உம் சேர்ந்து ஏறத்தாழ 16,300 கிலோமீட்டர்; துருவ வழியை விட 1,450 கிலோமீட்டர் அதிகம். 10ஆம் தேதி மாலை 4 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார், இரவு 8க்குக் கேஎல்ஐஏ, 11.30க்கு விமானம், காலை 5.40க்கு ஹீத்ரோ. அங்கே முனையம் மாறி, ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேல் காத்திருந்து, நண்பகல் 12க்கு அடுத்த விமானம். எட்டு மணி நேரம் பறந்து டொரொண்டோவில் 11ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு இறங்குகிறார். குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி நேரம், சாலை ஒரு மணி நேரம். மாலை 5 மணிக்கு வீடு. மலேசியாவில் அப்போது 12ஆம் தேதி காலை 6 மணி. வாசலிலிருந்து வாசல்வரை 38 மணி. தோக்கியோ வழியாக ஆகாயத் தூரம் 15,700 கிலோமீட்டர். அறுநூறு கிலோமீட்டர் குறைவு. ஆனால் அடுத்த விமானத்திற்கான காத்திருப்பு இரண்டு மணி நேரம் கூடினாலே அந்த ஆதாயம் கரைந்துவிடும். நீண்ட பயணங்களில் மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது கிலோமீட்டரை விட இடைநிலையக் காத்திருப்பும் வீட்டிலிருந்து விமான நிலையம்வரையுள்ள சாலையுமே.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் இந்த 38 மணியைத் தாளில் எழுதி, எந்த மணியில் எங்கே இருப்போம், எப்போது உணவு கிடைக்கும் என்பதைக் குறித்து, புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடிகாரத்தை மாற்றிக்கொண்டே போகும் பயணத்தில், காலை ஊசி, இரவு ஊசி என்ற வழக்கம் பொருளிழந்துவிடும்.

கடைசியாக, இதே கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டிய நேரமும் குடும்பங்களில் வரும். பெற்றோர் ஒருவர் மறைந்துவிட, டொரொண்டோவிலுள்ள மகன் வரும்வரை இறுதிச் சடங்கைத் தள்ளிவைக்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசும்போது, "நாளைக்கு வந்திடுவான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது. குளிர்காலத்தில் புதன்கிழமை காலை 10 மணிக்கு இங்கே செய்தி புறப்பட்டால் அங்கே செவ்வாய் இரவு 9 மணி. மறுநாள் பிற்பகல் 1 மணி விமானம் கிடைத்தாலும், எதிர்க்காற்றில் பதின்மூன்றரை மணி நேரம் பறந்து வியாழன் மாலை 4.30க்குத் தோக்கியோ, இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, ஏழரை மணி நேரப் பறப்பு, மலேசிய நேரப்படி வெள்ளி அதிகாலை 1.30க்குக் கேஎல்ஐஏ. குடிநுழைவுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாலையில் நான்கு மணி நேரம் என்றால் சுங்கை சிப்புட்டை அடைவது வெள்ளி காலை 6.30. இது எல்லாம் சரியாக நடந்தால் கிடைக்கும் நேரம். எனவே வெள்ளி பிற்பகலுக்கு முன் எந்த நேரத்தையும் உறவினர்களுக்கு அறிவிக்கக் கூடாது. மகன் தோக்கியோவில் இரண்டாவது விமானத்தில் ஏறிவிட்டான் என்ற குறுஞ்செய்தி வந்தபின் நேரத்தை உறுதிசெய்தால் போதும். அதற்குப் பிறகு மாறக்கூடியது அந்த நான்கு மணி நேரச் சாலை மட்டுமே.